வாசகர் கேள்வி பதில்: ‘பாங்கில இருந்துதான் கதைக்கிறம்’

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல அரைவாசிக்கு மேல ஒரே விஷயம், காசு போன கதை. வழமையா வட்டி, லோன், பென்ஷன் பேப்பர் எண்டுதான் கேட்பீங்க. 31 வருஷம் கவுண்டருக்கு அங்கால இருந்தனான், இப்ப ரிட்டயர் ஆகி பாலையூற்றில வீட்டு விறாந்தையில இருந்து இதெல்லாம் வாசிக்கேக்க எனக்கே வயித்தக் கலக்குது. அதால இந்த முறை பக்கம் முழுக்க இதுக்கே விட்டாச்சு. பேர் போட வேணாம் எண்டு கனபேர் கேட்டீங்க, அதால ஒருத்தர்ட பேரும் போடேல்ல.

கேள்வி: ஐயா, எனக்கு 63 வயசு. அவர் போய் நாலு வருஷம், அவர்ட பென்ஷன்லதான் சீவியம். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்க ஒரு கோல் வந்தது. நல்ல மரியாதையான தமிழ். ‘அம்மா, பாங்க் ஹெட் ஒபிஸ்ல இருந்து கதைக்கிறம், உங்கட ஏடிஎம் காட் இண்டைக்குப் பின்னேரம் புளொக் ஆகப்போகுது’ எண்டான். என்ட பேர், ஐடென்டி காட் நம்பர் எல்லாம் அவனே சொன்னான், அதால நம்பிட்டன். ரெண்டு மெசேஜ் வந்தது, ரெண்டில இருந்த நம்பரையும் வாசிச்சுச் சொன்னன். திங்கக்கிழமை பாங்குக்குப் போனா 185,000 ரூபா இல்ல. ‘நீங்கதானே ஓடிபி குடுத்தது, நாங்க ஒண்டும் செய்யேலாது’ எண்டு சொல்லிட்டாங்க. மத்திய வங்கி எண்டு ஒண்டு இருக்கே, அது பிறகு எதுக்கு?
(உப்புவெளி)

பதில்: அம்மா, மெசேஜ் ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினது நல்ல வேலை, அத போன்ல இருந்து அழிச்சிராதீங்கோ. நான் கண்ணாடி போட்டு ரெண்டையும் வடிவா வாசிச்சன். முதல் மெசேஜ் உங்கட காட் சம்பந்தப்பட்டதே இல்ல. அது பாங்கிட மொபைல் ஆப்ப ஒரு புது போன்ல பதியிறதுக்கு வந்த நம்பர். உங்களுக்கு அந்த ஆப்பே இல்ல, நீங்க புத்தகத்தக் கொண்டு போய் காசு எடுக்கிற ஆள், அதாலதான் அவனுக்கு வேலை லேசாப் போச்சு. நீங்க முதல் நம்பரச் சொன்ன உடன உங்கட எக்கவுண்ட் அவன்ட போனுக்குள்ள போயிட்டுது, உங்களிட்ட எவ்வளவு இருக்கு எண்டு அவன் பார்த்திட்டான். ரெண்டாவது நம்பர் காச அனுப்புறதுக்கு. ரெண்டுக்கும் இடையில 4 நிமிஷம்தான், நேரத்தப் பாருங்கோ. அந்த 4 நிமிஷமும் அவன் உங்களோட என்ன கதைச்சவன்? பிள்ளைகள் எங்க, சுகமா எண்டு கேட்டிருப்பான். மரியாதையான தமிழ் எண்டு எழுதியிருக்கிறீங்க, அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

இன்னொரு விஷயம். அந்த மெசேஜ் ரெண்டும் இங்கிலீஷ்ல. ‘இந்த நம்பர ஒருத்தருக்கும் சொல்லாதீங்க’ எண்டு கீழ எழுதித்தான் இருக்கு, ஆனா 63 வயசு அம்மாக்கு இங்கிலீஷ்ல எழுதினா அது எழுதாத மாதிரித்தான். பாங்கில இருந்தவன் எண்ட முறையில எனக்கு இதில வெட்கம் இருக்கு. போய்க் கேளுங்கோ, மெசேஜ் தமிழ்ல வர வழி இருக்கோ எண்டு. பாங்கோட செய்யிற விஷயங்கள உங்கட மொழியில விளங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கு, வெட்கப்பட்டு தலையாட்டிட்டு வராதீங்கோ.

இனி காசு. முந்தி ஒரு பாங்கில இருந்து இன்னொரு பாங்குக்கு காசு போறதெண்டா நேரம் எடுக்கும், இடையில மறிக்கலாம். 2015ல இருந்து செஃப்ட்ஸ் எண்டு ஒரு முறை வந்தது, அதில காசு அந்த நிமிஷமே மற்றப் பாங்கில விழும், ராத்திரி ரெண்டு மணிக்கும் விழும், போயாவுக்கும் விழும். எங்களுக்கு நல்ல வசதி, கள்ளனுக்கு அதவிட வசதி. அதால வெள்ளிக்கிழமை போன காசுக்கு திங்கக்கிழமை கிளைக்குப் போய் நிக்கிறது பெரிய பிந்தல். பாங்க் பூட்டியிருந்தாலும் ஹொட்லைன் திறந்திருக்கும், நம்பர் உங்கட காட்டுக்குப் பின்பக்கம் அடிச்சிருக்கு. காசு போய் விழுந்த எக்கவுண்ட்டில இருந்து அத வெளிய எடுக்க முந்தி உங்கட பாங்க் மற்றப் பாங்கோட கதைச்சா மறிச்சு வைக்கலாம். அந்த நேரத்தில கோல் எடுத்து, கதைச்ச நேரம், முறைப்பாட்டு நம்பர் ரெண்டையும் கலண்டர்லயாவது எழுதி வையுங்கோ.

பாங்க் வாயால சொன்ன ‘செய்யேலாது’ கடைசி முடிவில்ல. முதல்ல மெனேஜருக்கு கடிதமா எழுதிக் குடுத்து, கொப்பியில திகதியோட சீல் வாங்குங்கோ. அதில ரெண்டு கேள்வி கட்டாயம் வரவேணும். காசு போய் விழுந்த எக்கவுண்ட்ட மறிக்க என்ன நடவடிக்கை எடுத்தீங்க, எத்தனை மணிக்கு? நாலு வருஷமா ஆப்பே பாவிக்காத ஒரு ஆள்ட எக்கவுண்ட்டில புது போன் பதிஞ்சு 4 நிமிஷத்தில 185,000 போகேக்க உங்கட சிஸ்டத்துக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ? பதில் வராட்டி, வந்த பதில் சரியில்லாட்டி, மத்திய வங்கியில நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களம் எண்டு ஒண்டு இருக்கு, போன் நம்பர் 1935. அதுக்கு அங்கால, பாங்குக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில பிணக்குத் தீர்க்கிற நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். 2023ல வந்த வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள்ல முறைப்பாட்ட ஒழுங்கா எடுத்து பதில் சொல்லவேணும் எண்டு பாங்குகளுக்குக் கட்டளையே இருக்கு. பொலிஸ்லயும் ஒரு என்ட்ரி போடுங்கோ, அது இல்லாட்டி மற்ற ஒண்டும் அசையாது.

முழுக்காசும் வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஓடிபி உங்கட வாயால போனது, அத பாங்க் பிடிச்சுக்கொண்டு நிக்கும். மத்திய வங்கி எதுக்கு எண்டு கேட்டீங்க, அது உங்கட பாங்க மேய்க்கிற ஆள் அம்மா, உங்கட போன மேய்க்கிற ஆள் இல்ல. ஆனா பாங்க் தன்ட பக்கத்து வேலையச் செய்ததோ எண்டு கேக்கிற அதிகாரம் அதுக்கு இருக்கு, அதத்தான் நீங்க பாவிக்கவேணும்.

கேள்வி: சேர், டெலிகிராம்ல ஒரு வேல கிடைச்ச. ஹோட்டல்களுக்கு ஸ்டார் போடுற வேல. முதல் நாள் 1,500, ரெண்டாம் நாள் 3,000 சல்லி வந்த. பொறகு ‘உங்கட எக்கவுண்ட்டுக்கு 240,000 வரும், 10,000 நீங்க எடுத்துட்டு மிச்சத்த நாங்க சொல்ற எக்கவுண்ட்டுக்கு போடுங்க’ எண்டாங்க. போட்டன். இப்ப பாங்க் என்ட எக்கவுண்ட்ட லொக் பண்ணிட்டு, தூரத்து ஊர் ஒண்டில உள்ள பொலிஸ்ல இருந்து கோல் வருது. நான் கள்ளனா சேர்? வாப்பாக்கு இன்னும் தெரியா.
(கிண்ணியா)

பதில்: தம்பி, 2009ல உங்கட ஊருக்குப் பாலம் வர முந்தி நாங்க பாதை எண்ட மிதவைப் படகில ஏறித்தான் அக்கரைக்கு வருவம், ஞாபகம் இருக்காது உங்களுக்கு. பாதைக்காரன் ஆர் ஏறினாலும் ஏத்துவான், மூட்டைக்குள்ள என்ன எண்டு கேக்கமாட்டான். நீங்க இப்ப அவங்களுக்கு பாதை ஓட்டியிருக்கிறீங்க. அந்த 240,000 வேற ஒரு ஊர்ல இன்னொரு அம்மாட பென்ஷனா இருக்கும், முதல் கேள்விய ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. அவ பொலிஸ்ல குடுத்த முறைப்பாட்டில முதல் வாற பேர் உங்கட பேர்தான், ஏனெண்டா காசு வந்து விழுந்தது உங்கட ஐடென்டி காட்ல திறந்த எக்கவுண்ட்டில. டெலிகிராம்காரனுக்கு பேருமில்ல ஊருமில்ல.

பாங்கோட சண்டைக்குப் போகாதீங்க, அவங்க செய்தது சட்டம். 2006ல வந்த ரெண்டு சட்டம் இருக்கு, ஒண்டு கள்ளக் காச நல்ல காசாக் காட்டுறதத் தடுக்கிற பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், மற்றது நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம். சந்தேகமான காசு ஓடினா பாங்க் மத்திய வங்கியில உள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவேணும், அறிவிக்காட்டி பாங்குக்குப் பிரச்சினை.

இப்ப, இந்தப் பத்திரிகைய கீழ வச்சிட்டு, டெலிகிராம்ல அவங்களோட கதைச்சது முழுக்க ஸ்கிரீன்ஷொட் எடுங்க. டெலிகிராம்ல அவன் நினைச்சா ரெண்டு பக்கமும் அழிச்சிருவான், பிறகு உங்களிட்ட ஒரு சாட்சியும் இல்ல. அந்த 10,000ல கை வைக்காதீங்க. பொலிஸ் கோலுக்கு போன ஓஃப் பண்ணி வைக்காதீங்க, ஒளிஞ்சா கள்ளன் எண்டு ஆகிரும், ஆனா தனியாவும் போகாதீங்க, ஒரு சட்டத்தரணியோட போங்க. கோல் எடுக்கிறது உண்மையில பொலிஸ்தானோ எண்டும் பாருங்க, ‘கேஸ முடிக்க இவ்வளவு போடு’ எண்டு கேட்டா அது அதே கோஷ்டியிட ரெண்டாவது சுத்து. கிண்ணியா பொலிஸ்ல போய் விசாரிச்சா சொல்லுவாங்க.

வாப்பாக்கு இண்டைக்கு ராவே சொல்லுங்க. ஏசுவார், ஏசட்டும். கடிதம் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அறியிறத விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். பணிக்கொடை காசு 30 இலட்சம் கையில இருக்கு. பாங்க் வட்டி இறங்கிப் போச்சு. ஒரு பைனான்ஸ் கம்பனி பாங்க விட 2 வீதம் கூட தருது. இன்னொரு ‘இன்வெஸ்ட்மென்ட்’ கம்பனிக்காரர் வீட்டுக்கே வந்து மாசம் 100க்கு 4 எண்டு சொல்லுறார், பதிவுச் சான்றிதழும் காட்டினார். எதில போடலாம்?
(திருஞானசம்பந்தர் வீதி, திருகோணமலை)

பதில்: சேர், ரெண்டாவது ஆளை படலையோட அனுப்புங்கோ. மாசம் 4 எண்டா வருஷத்துக்கு 48 வீதம். 2022 கடைசியில நாடு வங்குரோத்தாகிக் கிடக்கேக்க கூட பாங்குகள் 25, 30 எண்டுதான் குடுத்தது, அதுவே அசாதாரணம். இவர் இப்ப 48 எங்கயிருந்து குடுக்கிறார்? உங்களுக்குப் பிறகு சேருற ஆள்ட காசில இருந்து.

அவர் காட்டின சான்றிதழ்ல பிவி எண்டு தொடங்கிற ஒரு நம்பர் இருந்திருக்கும், பிரேம் போட்டும் வச்சிருப்பார். அது கம்பனிப் பதிவு, 2007ம் ஆண்டு 7ம் இலக்க கம்பனிகள் சட்டத்தில எடுக்கிறது. நாளைக்கு நானும் நீங்களும் சேர்ந்து தேத்தண்ணிக் கடை போட்டாலும் அந்த நம்பர் எடுக்கலாம். சனத்திட்ட வைப்பு வாங்கிறதுக்கு அது காணாது. அதுக்கு மத்திய வங்கியிட லைசன்ஸ் வேணும், பாங்க் எண்டா 1988ம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத்தில, பைனான்ஸ் கம்பனி எண்டா 2011ம் ஆண்டு 42ம் இலக்க நிதித்தொழில் சட்டத்தில. 2008ல கோல்டன் கீ விழுந்தது ஞாபகம் இருக்கோ? அதுவும் பதிஞ்ச கம்பனிதான், கிரெடிட் காட் கம்பனி, ஆனா வைப்பு எடுக்க அனுமதி இல்லாமலே கோடிக்கணக்கில எடுத்தது. படிச்ச சனம், டொக்டர்மார், எல்லாரும் போட்டவங்க. லைசன்ஸ் உள்ள நிறுவனங்கள்ட பட்டியல் மத்திய வங்கி இணையத்தளத்தில தமிழ்லயும் கிடக்கு, 1935க்கு அடிச்சும் கேக்கலாம், எங்கட திருகோணமலையிலயே அவங்கட பிராந்திய அலுவலகம் இருக்கு.

முதல் கம்பனி பட்டியல்ல இருந்தா யோசிக்கலாம். ஆனா லைசன்ஸ் இருக்கிற கம்பனி விழாது எண்டு ஆரும் சொல்லேல்ல. 2020 மே மாசம் த பினான்ஸ் கம்பனியிட லைசன்ஸ மத்திய வங்கியே ரத்துச் செய்தது, எவ்வளவு பழைய கம்பனி அது. அந்த நேரம் வைப்புக் காப்புறுதியில ஒரு ஆளுக்கு ஆகக்கூட 600,000தான் குடுத்தது, 2021ல இருந்து அது 1,100,000. ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்தில, அவ்வளவுதான். நீங்க 30 இலட்சத்தையும் ஒரே இடத்தில போட்டா அது விழுந்தா 11 கையில, மிச்சம் 19 கோட்டுப் படியில. மூண்டு நிறுவனத்தில 10 படி போட்டா மூண்டும் காப்புறுதிக்குள்ள. 2 வீதத்துக்கு ஆசைப்படுறது பிழை இல்ல, முழுக்காசையும் ஒரே சட்டிக்குள்ள வைக்கிறதுதான் பிழை.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஆப்ல 50,000 போட்டவ, டொலர்ல கூடிக்கொண்டு போகுது, எனக்கும் காட்டினவ. நானும் சேந்து 5 பேரச் சேர்க்கட்டாம். இவர் கட்டார்ல, கேட்டா பேசுவார். சேரலாமோ?
(சாம்பல்தீவு)

பதில்: தங்கச்சி, அவர் பேசட்டும், இதில அவர் பக்கம்தான் நானும். பென்சில எடுங்க. ஒராள் 5, அந்த 5 பேரும் அஞ்சஞ்சு பேர் எண்டா 25, பிறகு 125, 625, 3,125, 15,625, 78,125. எட்டாவது படியில 390,625. 2012 குடிசன மதிப்பீட்டில எங்கட முழு மாவட்டத்திலயும் இருந்த சனம் ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம், தொட்டில்ல கிடந்த பிள்ளையையும் சேர்த்து. எட்டாவது படிக்கு திருகோணமலையில ஆள் காணாது, கடல்ல மீனைத்தான் சேர்க்கவேணும்.

அக்காட போன்ல கூடுற டொலர் வெறும் இலக்கம். அத ரூபாவா வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுங்க, 5,000 எடுத்திருப்பா, நம்ப வைக்க அது விடுவாங்கள். முழுக்க எடுக்கச் சொல்லுங்க, அப்ப ‘வரி கட்டவேணும்’ எண்டு இன்னும் காசு கேக்கும். எம்டிஎஃப்இ, ஒன்மெக்ஸ் டிடி எண்டதுகளும் இந்த மாதிரி வந்ததுதான், மத்திய வங்கி 2023ல தடைசெய்த பிரமிட் திட்டம் எண்டு பேர் சொல்லி அறிவிச்சது. வங்கித்தொழில் சட்டத்தில 83இ பிரிவு இதுக்கே எழுதினது. காசு போறது ஒரு பக்கம், நீங்க 5 பேரச் சேர்த்தா அந்தத் திட்டத்தப் பரப்பின ஆள் எண்டு சட்டம் உங்களையும் பிடிக்கும், அத அக்காட்டயும் மெதுவாச் சொல்லுங்க. சாம்பல்தீவில நாளைக்கும் ஒரே வேலிக்கு ரெண்டு பக்கமும் இருக்கப்போறவங்க நீங்க.

கேள்வி: மாசம் 10,000 படி 20 பேர் சீட்டு. சீட்டுப் பிடிச்ச மாமி 14ம் மாசம் கொழும்புக்குப் போனவ, போன் இல்ல. மத்திய வங்கிக்கு முறையிடலாமோ?
(தம்பலகாமம்)

பதில்: இல்ல. வீட்டுச் சீட்டு அவங்கட வேலிக்கு வெளிய. கூட்டுறவுச் சங்கத்து கிராமிய வங்கியும் மத்திய வங்கியிட கையில இல்ல, அது கூட்டுறவுத் திணைக்களத்திட பொறுப்பு, கனபேருக்கு இது தெரியாது. உங்களுக்கு பொலிஸும் கோடும்தான் வழி. ஆர் ஆர் எந்தெந்த மாசம் கட்டினது எண்ட கொப்பி, வட்ஸ்அப் மெசேஜ், எடுத்தவங்க எடுக்காதவங்க பட்டியல், எல்லாத்தையும் சேர்த்து எடுக்காத ஆக்கள் ஒண்டா ஒரே முறைப்பாடாப் போங்க, தனித்தனியாப் போனா குடும்பச் சண்டை எண்டு திருப்பி அனுப்புவாங்க. மாமி எண்டு வேற எழுதியிருக்கிறீங்க.

கேள்வி: வேலை எடுத்துத் தாறம் எண்ட ஒரு பேஸ்புக் பேஜுக்கு ஐடென்டி காட் ரெண்டு பக்கமும், பாங்க் புத்தகத்து முன்பக்கமும் அனுப்பிட்டன். இப்ப பேஜே இல்ல. என்ட பேர்ல லோன் எடுப்பாங்களோ?
(மூதூர்)

பதில்: எடுக்க முயற்சி செய்யலாம். கிரிப் எண்டு சொல்லுற கொடுகடன் தகவல் பணியகத்தில உங்கட பேர்ல உள்ள கடன் அறிக்கைய நீங்களே எடுக்கலாம், உங்கட பாங்கில கேட்டா வழி சொல்லுவாங்க. இப்ப ஒண்டு, ஆறு மாசத்தால ஒண்டு எடுத்துப் பாருங்க. தெரியாத கடன் இருந்தா அந்த நிறுவனத்துக்கு எழுத்தில மறுப்புக் குடுங்க. பொலிஸ் என்ட்ரி ஒண்டும் இண்டைக்கே போட்டு வையுங்க, திகதிதான் பிறகு உதவும். பேஜப் பத்தி இலங்கை சேர்ட் எண்ட கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு 101ல சொல்லலாம். இனி ஆருக்கும் கொப்பி குடுக்கேக்க அதுக்கு மேல குறுக்கால ‘இன்ன வேலைக்கு மட்டும்’ எண்டு எழுதி திகதியும் போட்டுக் குடுங்க.

கேள்வி: தபால் கந்தோர்ல இருந்து பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் சரியில்ல, 70 ரூபா கட்டுங்க எண்டு லிங்கோட மெசேஜ். 70 ரூபாதானே?
(நிலாவெளி)

பதில்: 70 ரூபா அவனுக்கு வேணாம், அத கட்ட நீங்க அடிக்கிற காட் நம்பரும் பின்னுக்கு உள்ள மூண்டு இலக்கமும்தான் வேணும். அடிச்சிட்டீங்க எண்டா இப்பவே காட்ட நிப்பாட்டுங்கோ.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்லுறீங்க. நீங்க ஏமாறினதே இல்லையோ?
(ஒரு பழைய வாசகி, மடத்தடி)

பதில்: 2022ல, சமையல் காஸுக்கு சனம் வெத்துச் சிலிண்டரோட லைன்ல நிண்ட நேரம். பேஸ்புக்ல ஒரு விளம்பரம், வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்களாம், அரைவாசி முற்பணமாம். பாங்கில இத்தனை வருஷம் இருந்தவன், ‘எக்கவுண்ட் கம்பனி பேர்ல இல்ல, ஒரு தனி ஆள்ட பேர்ல கிடக்கு’ எண்டதக் கண்ணால கண்டும் 5,000 போட்டன், பின்னேரம் ரெண்டு சிலிண்டர் எண்டு இன்னும் 5,000 போட்டன். அடுத்த நாள் அந்த நம்பர் வேலை செய்யேல்ல. பொலிஸுக்குப் போக வெட்கம், போகேல்ல, அதுவும் பிழைதான். மனிசி ஒண்டும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் பின் வளவில விறகு அடுப்பிலதான் சமையல், புகை கிளம்பேக்க எல்லாம் கண்ணத் துடைச்சுக்கொண்டு விறாந்தைப் பக்கம் என்ன ஒருக்காத் திரும்பிப் பார்ப்பா.